கைக்கு மட்டும்

மருதாணியை வெயிலில் காயவைக்கக் கூடாது. வெயில் நிறத்தை எடுத்துவிடும். வெட்டிய கிளைகளைப் பேரீச்ச ஓலைக் கொட்டகைக்குள் பரப்பி, காலையும் மாலையும் புரட்டிப்போட வேண்டும். மூன்றாம் நாள் தடியால் அடித்தால் இலை உதிரும். பச்சைத் தூசி எழும். அடிக்கிறவளின் கை வியர்த்திருக்கும். வியர்வையும் தூசியும் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் உள்ளங்கை ஆரஞ்சு நிறமாகிவிடும்.

அது மருதாணி ஆகாது. வேலைக் கறை. சூடானில், அத்பராவுக்குத் தெற்கே, நைல் ஆற்றோரத்து ஊர்களில், வெட்டு நடக்கும் வாரங்களில் எல்லாப் பெண்களின் கையிலும் அது இருக்கும். கல்யாணமாகாதவள், விதவை, யாராயிருந்தாலும். ஒருவரும் அதைக் கண்டுகொள்வதில்லை. மருதாணி என்றால் பாதத்தில் கோடு வைத்து, கறுக்கும்வரை மூன்று தடவை அப்புவது. அது புருஷன் கூட இருக்கிறவளுக்கு.

பத்தூலின் புருஷன் பாபிக்கர் ஜித்தாவில் இருந்தான். கல்யாணமாகி ஏழாம் மாதம் போனவன். நான்கு வருஷமாயிற்று.

கொட்டகையில் அவளோடு நாத்தனார் அலவியா உட்கார்ந்திருந்தாள். குச்சி பொறுக்குவது அவள் வேலை. புது மருதாணி போட்டிருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, தூசி படாமல் ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவா அடிங்க. இலை என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ கால மடக்கு. தடி பட்டுச்சுன்னா உன் புருஷன் என்னை வந்து கேப்பார்."

"அவருக்கு என் கால் எங்க தெரியுது? வியாழக்கிழமை ரயில் பட்டறையிலருந்து வருவார். சாப்பிடுவார். தூங்குவார். வெள்ளிக்கிழமை தொழுதுட்டுக் கிளம்பிருவார்."

"பின்ன எதுக்கு மாசாமாசம் மருதாணிக்கு தோமாக்காவக் கூப்பிடுற?"

"ஊருக்குத்தான். போடலைன்னா மனுஷன் செத்துட்டார்னு நெனைச்சுக்குவாங்க."

சொன்ன பிறகுதான் அலவியாவுக்கு உறைத்தது. குச்சி பொறுக்குவதில் மும்முரமானாள். பத்தூல் அடிப்பதை நிறுத்தவில்லை. அவள் பாதத்தில் தூசி மட்டும் இருந்தது.

அந்த வெட்டு முடிந்த வாரம் ஹஸபு வந்தார். அக்கரைக்காரர். ஜித்தாவில் பாபிக்கரோடு ஒரே அறையில் இருந்தவர். இரண்டு புட்டி அத்தர், ஒரு டார்ச் லைட், மாமியாருக்குப் போர்த்திக்கொள்ள ஒரு வெள்ளைத் துணி, ஒரு கேசட் கொண்டுவந்திருந்தார். கடிதம் எழுதுகிற பழக்கம் பாபிக்கருக்குக் கிடையாது. பேசி அனுப்புவான்.

முற்றத்தில் கயிற்றுக்கட்டிலின் மேல் டேப் ரிக்கார்டரை வைத்தார்கள். மாமியார் நஃபீசா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொழுந்தன், அலவியா, பக்கத்து வீட்டார் என்று பத்துப் பதினைந்து பேர். பத்தூல் சமையலறை நிலையில் நின்றாள்.

பாபிக்கர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி சலாம் சொன்னான். கிணற்றைத் தூர் வாரினார்களா என்றான். கறுப்பு ஆடு இன்னும் இருக்கிறதா என்றான். இறந்துபோன இரண்டு பேருக்கும் சலாம் சொன்னான். அவனுக்குத் தெரியாது. யாரோ அவர்களுக்காக முணுமுணுத்து துஆ செய்தார்கள். ஒரு பக்கம் முடிந்தது. கொழுந்தன் திருப்பிப்போட்டான்.

"ரஜப் மாசம் மூணாவது வியாழக்கிழமை, போர்ட் சூடான் ரயில்ல வர்றேன். இன்ஷா அல்லா."

முற்றம் கலகலத்தது. நஃபீசா கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள்.

"பத்தூலுக்கு சலாம்." நாடாவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. "தோமாக்கா நல்லா இருக்காங்களா? அவங்களையும் கேட்டேன்னு சொல்லுங்க."

பெண்கள் சிரித்தார்கள். தோமா ஊருக்கெல்லாம் மருதாணி போடுகிறவள். அவளை நலம் விசாரிக்க ஜித்தாவிலிருந்து ஒருவன் ஆளனுப்ப வேண்டியதில்லை.

"இவனுக்கு எதுக்கு தோமாவோட சுகம்?" என்றாள் நஃபீசா. அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பத்தூல் உள்ளே போய் எரியாத அடுப்பை ஊதினாள்.

மூன்றாவது வியாழனுக்கு முந்தின செவ்வாயும் புதனும் தோமா வந்தாள். அதற்கு முன்பே குழி வெட்டி, மணமுள்ள தல்ஹா விறகு போட்டு, புருஷன் வருமுன் பெண்கள் செய்கிறபடி, பத்தூல் மூன்று நாள் புகையில் உட்கார்ந்திருந்தாள். தோல் தேன் நிறத்துக்கு வந்திருந்தது.

தோமா கிண்ணத்தில் மாவைக் குழைத்தாள். கிராம்பெண்ணெய் விட்டாள். அவள் விதவை. வலது கையில் மூன்று விரல் நுனி மட்டும் எப்போதும் கறுத்திருக்கும். இடது கை சுத்தம்.

"இந்த இலை யாருது?"

"எங்களுது. நான் அடிச்சது."

"அதான் மணம் தூக்குது. கால இப்படி வை. நாலு வருஷமா தரிசாக் கிடந்த நிலம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

"கோடு மெலிசா வைங்கக்கா."

"மெலிசா வச்சா அவனுக்குக் கண்ணாடி வாங்கித் தரணும்."

"அக்கா."

"சரி, சரி. மெலிசாவே வைக்கிறேன்."

குதிகாலிலிருந்து பக்கவாட்டில் கோடு ஏறியது. விரல்களுக்கு வந்ததும் தோமா நகங்களை முழுக்க மூடினாள்.

"எத்தனை நாள் நிக்கும்?" என்றாள் பத்தூல்.

"உனக்குத் தெரியாததா? கை எப்பவும் தண்ணியில கிடக்கும். பத்து நாள், மிஞ்சிப்போனா பன்னண்டு. பாதம் ஒரு மாசம். நகம்தான் பிடிவாதக்காரன். அவனா வளந்து, நாமளா வெட்டுனாத்தான் போவான்."

வியாழக்கிழமை காலையில் ஒரு லாரி பேசி, கொழுந்தனும் நஃபீசாவும் இன்னும் எட்டுப் பேரும் அத்பரா ஸ்டேஷனுக்குப் போனார்கள். பத்தூல் கிஸ்ரா ரொட்டி வார்த்தாள். ஒரு ரொட்டிக்கு மேல் ஒன்றாக அறுபது ரொட்டி அடுக்கி, துணியால் மூடினாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தூபம் வைத்தாள். தூபம் அணைந்ததும் மறுபடி வைத்தாள்.

பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பின் லாரி வந்தது. முதலில் கொழுந்தன் இறங்கினான். வீட்டுப் பக்கம் திரும்பாமல், பின்பக்கக் கதவைத் திறந்து, தாயை இறக்கிவிட்டான். பிறகு இறங்கினவர்கள் எல்லோரும் போனவர்கள்தான்.

"ரயில் வந்துச்சு. ஒவ்வொரு பெட்டியா பார்த்துட்டோம்" என்றான்.

"அடுத்த கப்பலா இருக்கும்" என்றாள் நஃபீசா.

ரொட்டியை அந்த எட்டுப் பேரும் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை பத்தூல் மாவு அரைக்க மில்லுக்குப் போனாள். போகாமல் முடியாது. வரிசையில் நின்ற பெண்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்த்தார்கள். அக்கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அக்கரையிலிருந்து பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் படகில் வந்தார்கள். கையில் சர்க்கரைப் பை, தேயிலைப் பொட்டலம். பயணம் முடிந்து வந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவது.

"அல்ஹம்துலில்லா. வந்துட்டானாமே" என்றார் பெரியவர், முற்றத்தில் நுழையும்போதே.

கொழுந்தன் ஊரில் இல்லை. நஃபீசா எழுந்து வரவேற்றாள். வாய் திறந்தாள். பெரியவர் விடவில்லை.

"தூங்குறானா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. கப்பலு, ரயிலு. லேசுப்பட்ட பயணமா? நாங்க உக்காந்திருக்கோம்."

உட்கார்ந்தார்கள். பத்தூல் தேநீர் கொண்டுவந்தாள். பெரியவரின் மனைவி அவள் காலைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். "கண்ணுபடாம இருக்கணும்மா. நாலு வருஷம் பொறுத்தியே."

இரண்டாவது தேநீர் வந்தது. மூன்றாவது வந்தது. பெரியவர் தன் மகனுக்கு ஜித்தாவில் வேலை கிடைக்குமா என்று பாபிக்கரிடம் கேட்க வந்திருந்தார். அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நிழல் சுவரை விட்டு இறங்கி முற்றத்தின் பாதிக்கு வந்தது.

"நல்லாத்தான் தூங்குறான்" என்றார்.

"அவன் வரல" என்றாள் நஃபீசா.

பெரியவர் புரியாமல் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். நீதானே சொன்னாய் என்பதுபோல. மனைவி பத்தூலின் பாதத்தைப் பார்த்தாள். பத்தூல் போர்த்தியிருந்த துணியின் நுனியை இழுத்து மூடினாள். அந்தத் துணி அவ்வளவு நீளமில்லை.

போகும்போது பெரியவர் சர்க்கரையை எடுத்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும். வரும்போது வேணுமில்ல."

அந்த வாரம் இன்னும் நான்கு வீட்டார் வந்தார்கள். அலமாரியில் சர்க்கரை சேர்ந்தது.

செய்தி இருபது நாள் கழித்து வந்தது. கட்டடம் முடிகிறவரை பாஸ்போர்ட் தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். கப்பலுக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னார். கட்டடம் எப்போது முடியும் என்று சொல்லவில்லை.

அதற்குள் பத்தூலின் கை வெளுத்துவிட்டது. தோமா சொன்ன கணக்கு தப்பவில்லை. கால் மெதுவாகப் போனது. கோடுகள் முதலில் கலங்கின. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக நின்றன. பார்க்க அழுக்குப்போல இருந்தது. அவள் அந்த வெயிலிலும் கொழுந்தனின் மூடிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். குளிக்கும்போது பார்த்தாள். தேய்த்துக் கழுவுவதில்லை. தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவாள்.

பதில் கேசட் பேச ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடினார்கள். நஃபீசா அழுதாள். கொழுந்தன் ஆடு குட்டி போட்டதைச் சொன்னான். அலவியா புருஷனைப் பற்றிப் புகார் சொன்னாள். கடைசியில் ரிக்கார்டரை நஃபீசா சமையலறை நிலைக்கே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பேசு மகளே."

பத்தூல் நாடா சுற்றுவதைப் பார்த்தாள்.

"இலை நல்லா வந்துருக்கு. இன்னொரு வெட்டும் முடிஞ்சுது." நிறுத்தினாள். "தோமாக்கா நல்லா இருக்காங்க. வந்துட்டுப் போனாங்க. வந்துட்டுப் போய் ஒரு மாசமாச்சு."

இந்தத் தடவை பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. நஃபீசா பொத்தானை அழுத்தி நிறுத்தினாள்.

நகம் இருந்தது. கைநகங்களில் ஐந்து மாதம். கால்விரல்களில் அதற்கும் மேலே. அடியிலிருந்து வெள்ளை வளர, நிறம் நுனியை நோக்கிப் போனது. கால் கட்டைவிரலில் மட்டும் ஒரு வருஷம் கழித்தும் பிறை அளவு மிச்சமிருந்தது. அவள் அதை வெட்டவில்லை. நகம் நீண்டு, நடக்கும்போது துணியில் மாட்டியது.

"அண்ணி, அந்த நகத்தால கால்ல ரத்தம் வரப்போகுது. வெட்டுங்க" என்றாள் அலவியா.

"வெட்டுறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

ஒருநாள் மருதாணிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வரப்பில் இடித்து அது தானாக உடைந்தது. பத்தூல் குனிந்து தேடினாள். சேறு. கிடைக்கவில்லை. மடையை மாற்றிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனாள்.

அதற்கு ஆறு மாதம் கழித்து அடுத்த கேசட் வந்தது. அதே முற்றம். அதே கட்டில். கட்டடம் முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, சத்தியமாகக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன் என்றான். ஷஅபான் மாதம் இரண்டாவது வியாழன். பத்தூலுக்கு சலாம். தோமாக்கா நல்லா இருக்காங்களா?

நஃபீசா யாரையும் கேட்காமல் தோமாவுக்கு ஆள் அனுப்பினாள். தோமா செவ்வாய்க்கிழமை கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். பத்தூல் அவளுக்குத் தேநீர் கொடுத்தாள்.

"கிண்ணத்த மூடி வைங்கக்கா."

"குழைச்சாச்சு பொண்ணே."

"அலவியாவுக்குப் போடுங்க. எனக்கு முதல்ல அவர் வரட்டும்."

நஃபீசா உள்ளேயிருந்து வந்தாள். "ஆறு வருஷம் கழிச்சு வர்றவன் வெறுங்காலப் பாக்கணுமா? ஊர் என்ன பேசும்?"

"போன தடவை ஊர் சக்கரை கொண்டுவந்துச்சு மாமி."

நஃபீசா வந்த வழியே உள்ளே போனாள். அலவியா காலை நீட்டினாள். "எனக்கென்ன, போடுங்க. ஓசி மருதாணி."

வியாழக்கிழமை லாரி வந்தது. முதலில் கொழுந்தன் இறங்கினான். இந்தத் தடவை வீட்டைப் பார்த்துக் கத்தினான். பத்தூலுக்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

பாபிக்கர் மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. வாசலில் ஆடு அறுத்தார்கள். அவன் ரத்தத்தைத் தாண்டி உள்ளே வந்தான். ஊரே வந்தது. அக்கரைப் பெரியவரும் வந்தார். கைவீசிக்கொண்டு வந்தார். "என் சக்கரை முன்னாடியே வந்துருச்சு" என்றார். அவரே முதலில் சிரித்தார்.

மறுநாள் தொழுகைக்குப் பிறகுதான் அறையில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவள் பெட்டியிலிருந்து அவன் துணிகளை எடுத்து மடித்தாள். அவன் அவள் பாதத்தைப் பார்த்தான்.

"தோமாக்கா ஊர்ல இல்லையா?"

"இருக்காங்க."

"கேசட் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

அவள் கடைசிச் சட்டையை மடித்துப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

"எத்தனை நாள்?"

"இருபத்திரண்டு. கப்பல், ரயில்னு வர்றதுக்கு நாலு போச்சு. போறதுக்கு நாலு."

"பதினாலு."

"அடுத்த தடவை ஒரேயடியா வந்துருவேன் பத்தூல்."

அவள் பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. உட்கார்ந்து அழுத்தினாள்.

"தோமாக்காவ வரச் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலமே தோமா வந்தாள். கொட்டகை நிழலில் பாய் விரித்தார்கள். பக்கத்தில் காய்கிற இலை வாசம் அடித்தது. பத்தூல் இரண்டு கையையும் நீட்டினாள். தோமா உள்ளங்கையில் வட்டம் வைத்தாள். விரல் நுனிகளை மூடினாள். நகத்துக்கு வந்தபோது பத்தூல் வேண்டாமென்று தலையசைத்தாள். தோமா நகங்களை விட்டுவிட்டாள். புறங்கையில் மெலிசாகக் கோடு ஓட்டினாள். முடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பாதத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"கைக்கு மட்டும்" என்றாள் பத்தூல்.

"காலு?"

"வேண்டாம்கா."

தோமா அவளைப் பார்த்தாள். கிண்ணத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பாபிக்கர் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். "ஏன், முடிஞ்சுதா? காலுக்குப் போடலையாக்கா?"

"என்னைக் கேக்காத தம்பி. நான் கூலிக்காரி. நீட்டுனதுக்குப் போடுவேன்."

அவன் பத்தூலைப் பார்த்தான்.

"கை பத்து நாள்ல போயிரும்" என்றாள் அவள். "கால் ஒரு மாசம் நிக்கும்."

கொட்டகைக்குள் ஏதோ காய்ந்த குச்சி முறிந்தது. பாபிக்கர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் கொஞ்சம் மாவு இருந்தது. வலது கையைத் தோமாவிடம் நீட்டினான்.

"மிச்சம் இருக்கில்ல."

"ஆம்பளைக்குக் கல்யாணத்தன்னைக்குத்தான் போடுவாங்க. மறுபடி மாப்பிள்ளை ஆகப்போறியா? அங்க கூட வேலை செய்றவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும்."

தோமா மாவை வழித்து அவன் உள்ளங்கையில் ஓர் உருண்டையாக வைத்தாள். அவன் விரல்களை மூடினான். பச்சை நீர் விரலிடுக்கில் கசிந்தது. தோமா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிணற்றுப் பக்கம் போனாள்.

"எனக்கு எத்தனை நாள் நிக்கும்?" என்றான்.

"செய்ற வேலையைப் பொறுத்தது."

"சிமெண்டுதான்."

அவள் யோசித்தாள். "அப்ப ஒரு வாரம்."

அவன் முஷ்டியை இன்னும் இறுக்கினான். காய்கிறவரை இருவரும் அசையக் கூடாது. அவள் இரண்டு கையையும் முழங்காலின் மேல் மலர்த்தி வைத்திருந்தாள். அவள் பாதத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவளால் விரட்ட முடியவில்லை. அவன் குனிந்து, இடது கையால் அதை விரட்டினான்.